உண்ணியாருக்கு நோட்டீஸ் இல்லை

காட்டில் குடியிருக்க இந்த நாட்டில் தாள் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலம் தன் அனுபவத்தில் இருந்ததாகக் காட்ட வேண்டும். பழங்குடி அல்லாத காட்டுவாசி என்றால் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். மனுவைக் கிராம சபை பார்க்கும். பிறகு கோட்ட அளவில் ஒரு குழு பார்க்கும். அதற்குப் பிறகு மாவட்டத்தில் ஒரு குழு பார்க்கும். தமிழ்நாட்டில் இந்தப் பார்வையே தாமதமாகத்தான் தொடங்கியது. 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை, கூடலூர்ப் பணியரும் சத்தியமங்கலத்துச் சோளகரும் உரிமைச் சீட்டு கைக்கு வராமல் எட்டு வருடம் நின்றார்கள்.

நின்றவர்களை எண்ணி வைக்கவும் ஆள் இருந்தது. 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புலிக் காப்பகங்களின் மையப் பகுதியில் இன்னும் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, எப்போது இடம் மாற்றுவீர்கள், திட்டத்தை அனுப்புங்கள் என்றது. ஒற்றை இலக்கம்வரை சுத்தமான கணக்கு. 64,800 என்று முழுமையாக்கி ஒரு குடும்பத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை.

அதே மையப் பகுதியில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. அதை அந்தக் கடிதம் எண்ணவில்லை. அதற்கு ரேஷன் கார்டு இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, மூன்று தலைமுறைக்கு முன்னால் எங்கே இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் வைத்திருந்த தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடி என்று அழைத்துவரப்பட்டு, கப்பலில் வந்திறங்கி, சுவரேறிக் குதித்து வெளியே போனது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியக் காடுகளில் அதன் ஆக்கிரமிப்பு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஒரு லட்சத்து முப்பதாயிரம்தான். ஒரு மாநிலத்தையே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு அடுத்த மாநிலத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சொத்து வைத்திருப்பவரை அது, இது என்று பேசுவது முறையல்ல. உண்ணியார் என்றே சொல்வோம்.

உண்ணியார் முறைப்படி ஒரு வன உரிமை மனு போட்டால் எப்படி இருக்கும் என்று படிவத்தை நிரப்பிப் பார்த்தேன்.

மனுதாரர் பெயர்: உண்ணிச்செடி. உண்ணிமுள் என்றாலும் திரும்பிப் பார்ப்பார். நர்சரியில் மட்டும் லாண்டானா என்று கூப்பிட வேண்டும். அங்கே அவருக்கு மரியாதை அதிகம்.

பெற்றோர்: பலர். அமெரிக்கக் காட்டுச் செடிகள் சிலவற்றை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வீடுகளில் வைத்து ஒன்றோடொன்று கலந்தார்கள். நிறம் மாற்றி, பூப் பெருக்கி, நூற்றுக்கணக்கான ரகங்களை உண்டாக்கினார்கள். மனுதாரர் அந்தக் கலப்பில் பிறந்தவர். ஆகவே பூர்வீகம் என்று எந்தக் காட்டையும் கைகாட்ட இயலாது. இந்தக் குறைதான் பின்னால் ஒரு வழக்கில் அவரைக் காப்பாற்றும்.

அங்க மச்ச அடையாளம்: இளந்தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, நாலு பட்டை. பட்டையோரம் வளைந்த முள். கையை உள்ளே விடும்போது வழிவிடும், இழுக்கும்போது சட்டையைப் பிடிக்கும். இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் பல்லோடு, தடவினால் சொரசொரவென்று இருக்கும். கசக்கினால் வரும் நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பூ கொத்துக் கொத்தாக. கொத்தின் நடுவில் மொட்டு, அதைச் சுற்றி இன்று மலர்ந்த மஞ்சள், வெளிவட்டத்தில் மூத்த பூக்கள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ. வெள்ளை, ஊதா ரகங்களும் உண்டு. மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறிக்கொள்ளும், உதிராது. பதவிக்காலம் முடிந்தவர்களையும் மேடையில் உட்காரவைத்துக் கூட்டம் காட்டும் கலையை நம் கட்சிகள் இவரிடம்தான் படித்திருக்க வேண்டும். காய் பச்சை, பழம் கறுப்பு கலந்த நீலம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பலரும் தின்ற பழம்தான். பச்சைக் காய் நஞ்சு.

குடும்ப உறுப்பினர்கள்: ஒரு செடிக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பழம்வரை காய்க்கும். சின்னானும் மைனாவும் தின்றுவிட்டு அடுத்த மரத்துக் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் வேலையை இந்தத் தாலுகாவில் இவ்வளவு வேகமாகச் செய்யும் அலுவலர் வேறு எவரும் இல்லை.

நிலத்தைப் பயன்படுத்தும் விதம்: தன் நிழலில் புல் முளைக்க விடுவதில்லை. மண்ணில் மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும் வேதிப்பொருள்களைக் கசியவிடுவார். மாடு தெரியாமல் இலையைத் தின்றால், லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும், காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்து புண்ணாகும். கோடையில் காய்ந்து நிற்கும்போது தரையில் போகிற தீயை மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுவார்.

சாட்சிகள்: வண்ணத்துப்பூச்சிகள், புகைப்படக்காரர்கள், பங்களா தோட்டக்காரர்கள்.

படிவத்தில் குறையே இல்லை. இருநூறு ஆண்டு அனுபோகம், தொடர்ச்சியான குடியிருப்பு, நேரடிச் சாகுபடி. எழுபத்தைந்து ஆண்டு கேட்கிற சட்டத்தின் முன் இவர் இரண்டரை மடங்கு தகுதியோடு நிற்கிறார். எந்தக் குழு இவரைத் திருப்பி அனுப்ப முடியும்?

உண்மையில் இவர் மனுவே போட வேண்டியதில்லை. காலி செய் என்று இவருக்கு இதுவரை யாரும் நோட்டீஸ் கொடுத்ததில்லை. டெண்டர் மட்டும் கொடுக்கிறார்கள்.

டெண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் செடியின் உண்மையான வேர் அங்கேதான் இருக்கிறது. உண்ணிச்செடியை இடுப்பு உயரத்தில் வெட்டினாலும் தரையோடு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். துறையில் இருப்பவர்களுக்கும் தெரியும், அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனாலும் மதிப்பீடு எக்டேர் கணக்கில் போடப்படுகிறது. வெட்டி முடித்ததும் அளக்கப்படுகிறது. வெட்டிய மறுநாள் போய் அளந்தால் எந்தக் காடும் சுத்தமாகத்தான் இருக்கும். மூன்று மழை கழித்து அதே இடத்தில் நின்று அளக்க, துறையின் அளவுப் பதிவேட்டில் பக்கம் கிடையாது. இந்த நிதியாண்டில் அழிக்கப்பட்ட எக்டேரும் மூன்று வருடம் கழித்து அழிக்கப்படும் எக்டேரும் ஒரே எக்டேராக இருந்தால், தாளில் அவை இரண்டு எக்டேர். இப்படியே கூட்டிக்கொண்டு போனால், காடு இருக்கும் அளவைவிட அழிக்கப்பட்ட களையின் அளவு கூடிவிடும் நாள் தூரத்தில் இல்லை.

இதை ஊழல் என்று சொல்லி எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. ஒரு பைசா கைமாறாமல், எல்லோரும் நேர்மையாக வேலை பார்த்தாலும் இதே முடிவுதான் வரும். அளவுகோலே அப்படி. நட்டதை எண்ணவும் வெட்டியதை எண்ணவும் தெரிந்த நிர்வாகத்துக்குத் திரும்ப முளைத்ததை எண்ணத் தெரியவில்லை. அரசுக்கு 33 சதவீதப் பசுமைப் பரப்பு வேண்டும், அதற்கென்று ஓர் இயக்கமே நடக்கிறது. நடுவதற்கு மேடை உண்டு, மண்வெட்டிக்கு ரிப்பன் உண்டு, அமைச்சர் தண்ணீர் ஊற்றும் படம் மறுநாள் தாளில் வரும். பிடுங்குவதற்கு எந்த அமைச்சர் வருவார்? முள் குத்தும்.

வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பெட்டகுறும்பரும் காட்டுநாயக்கரும் இருளரும் சோளகரும் தினக்கூலிக்கு வருகிறார்கள். எந்தக் காட்டில் இவர்கள் இருப்பதே சிக்கல் என்று 64,801 வரை எண்ணினார்களோ, அதே காட்டுக்குள் காலையில் அழைத்துப்போய்க் குனிய வைத்து, மாலையில் வெளியே கொண்டுவந்து விடுகிறார்கள். கூலியாக வந்தால் காட்டுக்குள் இடமுண்டு, உரிமையோடு வந்தால் இல்லை. இவர்களுக்குக் கையுறை வாங்க மதிப்பீட்டில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஒருநாள் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

சுற்றுலா வண்டிகளுக்குச் செய்யும் சேவை தனி. பாதையின் இரு பக்கமும் சில மீட்டர் அகலத்துக்குப் புதரை வெட்டி வைப்பார்கள். வியூ லைன் என்று பெயர். மறைவு போனதும் அந்தப் பட்டையில் புல் தலைகாட்டும், புல்லைத் தேடி மான் வரும். ஜீப்பிலிருந்து பார்ப்பவர் காடு செழிப்பாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோவார். பட்டைக்கு அப்பால் ஆள் நுழைய முடியாத முள். புலி தின்பது மான், மான் தின்பது புல், புல் இருந்த இடத்தில் உண்ணியார். முதுமலை 2007-ல் புலிக் காப்பகம் ஆனது, சத்தியமங்கலம் 2013-ல் ஆனது. புலிக்காக மனிதரை வெளியேற்றலாம் என்று முடிவெடுத்த அறிவு, மானுக்காகப் புதரை வெளியேற்றலாம் என்பதில் மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகிறது?

இத்தனைக்கும் வழி தெரியாமல் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி. ஆர். பாபு காட்டிய முறை பல ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது, கார்பெட் காட்டில் செய்து பார்த்தாயிற்று. அதில் இயந்திரமும் மருந்தும் இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் துளிர்விடும் மொட்டுகள் இருக்கின்றன. மண்ணைச் சற்று விலக்கி, அந்தக் கழுத்துக்குக் கீழே, தரைமட்டத்திலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், குந்தாலியால் தாய்வேரை ஒரே போடாகப் போட வேண்டும். புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்தால் மறுபடி மண்ணைப் பிடிக்காது, அப்படியே காய்ந்துவிடும். காய்ப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். காய்த்தபின் வெட்டி இழுத்துக்கொண்டு போனால் வழிநெடுக விதைத்துக்கொண்டு போகிறோம் என்று பொருள்.

அது பாதி வேலைதான். மீதிப் பாதி அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் இருக்கிறது. பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில்தான் புது நாற்று கூட்டமாக முளைக்கும். அங்கே போய்க் கையால் பிடுங்க வேண்டும். வெறுமையான தரையில் அந்த வட்டாரத்துப் புல் விதைகளைத் தூவி, புல் எழும்பும்வரை காவல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்ணி போன இடத்துக்குப் பார்த்தீனியமும் கம்யூனிஸ்ட் பச்சையும் வரும். ஜேசிபியை விட்டுக் கிளறினால் மண்ணுக்குள் உறங்கும் விதையெல்லாம் விழித்துக்கொள்ளும். 2017-ல் சீமைக் கருவேலத்துக்கு எதிராக மாநிலமே ஜேசிபியோடு கிளம்பியதும், பிறகு உயர் நீதிமன்றமே நிறுத்தச் சொல்லி அறிவியல் அறிக்கை கேட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். ஆத்திரத்தோடு களை பிடுங்கப் போனால் அப்படித்தான்.

ஆக, தேவைப்படுவது குந்தாலி பிடிக்கத் தெரிந்த கை, மூன்று வருடம் அங்கேயே இருக்கக்கூடிய ஆள், எந்த மரத்தில் எந்தக் குருவி அடையும் என்று தெரிந்த கண். இந்த மூன்றும் உள்ளவரை எங்கே தேடுவது? டெண்டர் விளம்பரம் கொடுத்துத் தேடுகிறோம். அவர் இடமாற்றப் பட்டியலில் இருக்கிறார்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் சோளகர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். முன்னெல்லாம் கோடைத் தொடக்கத்தில், சருகு குறைவாக இருக்கும்போதே, தரையோடு போகிற சிறு தீ வைப்பார்களாம். அது உண்ணியின் நாற்றையும் நெல்லி மரத்துப் புல்லுருவியையும் கட்டுக்குள் வைத்தது. 1974-ல் அந்தக் காடு சரணாலயம் ஆனது, தீ குற்றமானது. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய அட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தாரின் கணக்கிலும் 1997-க்கும் 2008-க்கும் இடையில் உண்ணி பெருகியதுதான் தெரிகிறது. நம் பக்கம் இந்தக் கதை இன்னும் பழையது. 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டமே காட்டுத் தீயைக் கண்டு நடுங்கிய வெள்ளைக்காரன் எழுதியது. அதே சட்டத்தைப் பெயர் மாற்றி இன்னும் வைத்திருக்கிறோம். சிறு தீயைத் தடுத்தோம், புதர் வளர்ந்தது. புதர் பெருந்தீயைக் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது காய்ந்த உண்ணிப்புதரும் எரிபொருளாக நின்றது. இன்றைக்குப் போய் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, இவ்வளவு புதர் நிற்கும்போது அது பேரழிவு. புதரை அகற்றியபின், எப்போது எங்கே எவ்வளவு என்று தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. நூறு வருடமாகக் கேட்காததுதான் குற்றம்.

அரசாங்கங்கள் சும்மா இருந்தன என்று சொல்லமாட்டேன். குடகில் 1914-லேயே களைகளுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அப்புறம் பூச்சியை நம்பினார்கள். அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1795-ல் கம்பெனி சிவப்புச் சாயத்துக்காகப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வந்தது தவறான பூச்சி. சாயம் தேறவில்லை, ஆனால் ஒரு கள்ளியினத்தைத் தின்று தீர்த்தது. பிறகு 1926-ல் இலங்கையிலிருந்து வந்த அதன் உறவுக்காரப் பூச்சி தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளியை அடக்கியது. உலகமே பாராட்டிய வெற்றி. ஒரு களையைப் பூச்சியால் வென்றவர்கள் எல்லாக் களையையும் பூச்சியாலேயே வெல்லலாம் என்று நினைத்தார்கள். உண்ணியின் காயைத் துளைக்கும் ஈ அதற்கு முன்பே, 1921-ல், ஹவாயிலிருந்து வந்திருந்தது. இருபது வருடம் கழித்து, 1941-ல், ஆஸ்திரேலியாவிலிருந்து இலையை உறிஞ்சும் பூச்சி டேராடூனுக்கு வந்தது. சோதனையில் அது தேக்கையும் கடித்தது என்று எல்லாவற்றையும் அழித்தார்கள். பத்து வருடத்தில் அதே பூச்சி வெளியே உலாவியது. அரசாங்கக் காவலிலிருந்து தப்பும் கலையை உண்ணியும் அதன் எதிரியும் ஒன்றாகவே கற்றிருக்கின்றன. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுவில் எழுதியது ஞாபகமிருக்கும்: கண்ணாடி வீட்டுக் கலப்பில் பிறந்தவர், ரகம் நூற்றுக்கணக்கு. ஒரு ரகத்தைத் தின்னும் பூச்சி அடுத்த ரகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும், உயர் நீதிமன்றம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றினால் போதாது, காட்டை மீட்டெடுக்கவும் வேண்டும் என்று சரியாகவே பேசும் கொள்கை. அதன் பிறகு எது வேகமாக நகர்ந்தது என்று பாருங்கள். நீலகிரிக் காட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அந்நியக் கொன்றை மரத்தை அரசின் காகித ஆலை கூழுக்கு எடுத்துக்கொள்கிறது, அதற்கு எடை உண்டு, விலை உண்டு. உண்ணியைக் கூழாக்கக் கேட்பாரில்லை. விற்கிற களைக்கு லாரி வரும், விற்காத களைக்கு அறிக்கை வரும்.

விற்க வைக்கவும் முயற்சி நடக்கிறது. எரிகட்டியாக்குகிறார்கள், நாற்காலி முடைகிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்தார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் நூறு யானைகள் அமெரிக்கா போய் நியூயார்க் தெருவில் நின்றன. அந்தக் கைகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன், அவ்வளவு உயிர் அந்த யானைகளில். கூலியும் நியாயமாக வந்திருந்தால் மகிழ்ச்சி. என் கோபம் கைதட்டியவர்கள் மேல். புல் இல்லாமல் காட்டைவிட்டு இறங்கி ரேஷன் கடைக் கதவை உடைக்கிற உயிருள்ள யானைக்கு இங்கே பட்டாசு வெடிக்கிறார்கள். அதன் தீனியை மறைத்த முள்ளால் செய்த யானையோடு அங்கே செல்ஃபி எடுக்கிறார்கள். கைவினைக்கு வேண்டியது நேரான தண்டு. தண்டை வெட்டினால் கட்டை துளிர்க்கும், அடுத்த வருடமும் தண்டு கிடைக்கும். ஒரு களை தொழிலுக்கு மூலப்பொருள் ஆகிவிட்டால் அதை ஒழிக்க எந்தத் தொழிலும் சம்மதிக்காது. வேரோடு எடுக்கும் வேலையோடு கட்டிவைத்தால் மட்டும் கைவினை காட்டுக்கு உதவும். தனியாக விட்டால் சாகுபடிதான்.

பூங்காவிலிருந்து தப்பி வந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. ஊட்டிக்கு மேலே சோலைப்புல்வெளிகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் கோர்ஸும் ஸ்காட்ச் ப்ரூமும் ஊர் ஞாபகம் வந்த வெள்ளைக்காரர் நட்டவைதான். ஏரிகளை மூடிய ஆகாயத் தாமரையும் பூவுக்காக வந்ததே. பூவைப் பார்த்து மயங்கி, வேரை விசாரிக்காமல் வீட்டுக்குள் விடுவது நம் பழைய வியாதி.

பழைய வியாதி என்று சொல்லிவிட்டுத் தப்பவும் முடியாது. இன்று மாலை பக்கத்து நர்சரிக்குப் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியில், மஞ்சள் தனியாக, வெள்ளை தனியாக, ஊதா தனியாக, குட்டை ரகம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். கூரியரில் வீட்டுக்கே வரும். அடுக்குமாடிக்காரர்கள் வண்ணத்துப்பூச்சி வரும் என்று வாங்குகிறார்கள். ரிசார்ட்காரர்கள் முதுமலையின் எல்லையிலேயே ‘இயற்கையோடு தங்குங்கள்’ என்று பலகை வைத்து, அதன் அடியில் இதையே பாத்தி கட்டி வளர்க்கலாம், கேட்பாரில்லை. தொட்டிச்செடியின் மகரந்தம் காட்டுச்செடியோடு கலக்கும், இருநூறு வருடம் முன்பு கண்ணாடி வீட்டில் நடந்தது மொட்டை மாடியில் தொடரும். ஆஸ்திரேலியாவில் இது தேசிய முக்கியத்துவம் பெற்ற களை, விற்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய செடி. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதற்கு நிரந்தர இடம். இங்கே ஒரு துறை எக்டேர் கணக்கில் காசு கொடுத்து இதை வெட்டுகிறது, அதே மாவட்டத்தில் ஒரு கடை ரசீது கொடுத்து இதை விற்கிறது. இரண்டும் நம் பணம்.

வன உரிமைச் சட்டத்தைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொல்வேன். தனி நபர் நிலத்துக்கு மட்டுமல்ல, ஊர் காலங்காலமாகப் பயன்படுத்தும் காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தரும் பிரிவு அதில் இருக்கிறது. உண்ணி அகற்றப் போகிற பணத்தை அந்தச் சபைகளின் கையில் கொடுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணையை வேரோடு எடுத்ததும், இரண்டாவதை அடுத்த மழைக்குப் பின் நாற்று பிடுங்கியதும், கடைசியைப் புல் எழுந்ததும் கொடுங்கள். அளப்பவர் வெட்டிய மறுநாள் வர வேண்டாம், மூன்றாவது வருடம் வரட்டும். ஒரே ஒரு சரகத்தில் இப்படிச் செய்து பார்க்க எந்த உலக வங்கியும் வேண்டாம். சபைக்கு உரிமைச் சீட்டைக் கொடுக்கிற மனசு வேண்டும், அதுதான் கஜானாவில் இல்லை.

நர்சரி விற்பனையைத் தடுக்க 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்திய அரசிடம் அதிகாரம் இருக்கிறது. பயன்படுத்தச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். உங்கள் வேலியோரத்தில் உண்ணி நின்றால், காய்ப்பதற்கு முன், கையுறை போட்டு, கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகப் போடுங்கள். ஆடு மாடு எட்டாத இடத்தில் போடுங்கள். அந்த இடத்தில் நொச்சி வையுங்கள், ஆவாரை வையுங்கள், வெட்சி வையுங்கள், வண்ணத்துப்பூச்சி அதற்கும் வரும். நர்சரிக்காரர் அழகான தொட்டியைக் கையில் எடுத்து லாண்டானா என்று நீட்டினால், வாங்காதீர்கள்.